மத்தில்டா குணமாகிவிட்டாள்

ஒஸ்லோவில் யாரும் யாரையும் அடைத்து வைப்பதில்லை. அது நாகரிகமான நகரம். இங்கே ஒரு கடிதம் வரும். அதை வாசித்த மனிதன் தானே உள்ளே போய், தானே கதவைச் சாத்தி, திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொள்வான். காவலுக்கு ஆள் தேவையில்லை, வரிப்பணமும் மிச்சம்.

என் நண்பர் ஜெகதீஸ்வரன் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம் அப்படித்தான் உட்கார்ந்தார். அவருக்கு ஏதோ பயங்கரமான தொற்றுநோய் என்று இன்றைக்கும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சனம் கதைக்கிறது. அது பச்சைப் பொய். அவருக்கு ஒரு தடிமன்கூட இருக்கவில்லை. அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் குகநேசன். நானும் ஜெகதீஸ்வரனும் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. கடிதம் என்றால் அவருக்கு ஒரு பயபக்தி. எண்பத்தேழில் அகதியாக வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டு, வதிவிட அனுமதிக் கடிதத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவர். அந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு பாடம் படித்தார்: அரசாங்கம் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்று எழுது, அன்றைக்கே அனுப்பு. 'இல்லை' என்று எழுதினால் கொழும்புக்கு விமானச் சீட்டு வரும். நோர்வே கடவுச்சீட்டு கைக்கு வந்து பத்து வருடமாகியும் அந்தப் பயம் அவரை விடவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேரை விடவில்லை. என்னையும்தான்.

அவருடைய வீடு தொயன் பகுதியில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த காசு புழங்கிய காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. அப்போது ஒரு அறைக்குள் எட்டுப் பேர் இருந்தார்களாம். இப்போது மூன்று அறையில் மூன்று பேர்: ஜெகதீஸ்வரன், மனைவி சிறிதேவி, மருந்தாளராக வேலை பார்க்கும் மகள் கம்சாயினி.

தை மாதம் நகரக் குடியிருப்புச் சுகாதாரப் பணியகம் என்ற இடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பணியகம் தன் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறதாம். இரண்டு கேள்விகள். நீங்கள்தான் வீட்டுத் தலைவரா? இந்த வீட்டின் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா? மனைவியையும் மகளையும்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தார். இரண்டுக்கும் 'ஓம்' போட்டுக் கையொப்பம் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் தபாலில் சேர்த்தார். மறுநாள் வேலையில் அந்த உறையைத் தன் கையாலேயே பிரித்துச் சரியான பெட்டிக்குள் போட்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவரை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி இருபதாம் திகதி, திங்கட்கிழமை, இரண்டாவது கடிதம் வந்தது. அதன் சாரம் இதுதான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, இந்த நகரம் கிறிஸ்டியானியா என்ற பெயரில் இருந்தபோது, இந்த வீட்டில் மத்தில்டா என்ற ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டி, வீட்டாரை உள்ளே இருக்கச் சொன்னார். மூன்று நாள் கழித்துத் திரும்பவும் வந்து, 'மூச்சு எடுக்கச் சிரமப்படுகிறாள். மீண்டும் வருவேன்' என்று பதிவேட்டில் எழுதினார். மீண்டும் வரவில்லை. பதவி உயர்வு பெற்று வேறு இடம் போய்விட்டார். எனவே வழக்கு மூடப்படவில்லை, கட்டுப்பாடு நீக்கப்படவில்லை, சட்டமும் ரத்துச் செய்யப்படவில்லை. வழக்கை மூடும்வரை வீட்டார் வெளியே போகக் கூடாது. போனால் திரும்பவும் முதலிலிருந்து இருபத்தொரு நாள். இணைத்துள்ள மஞ்சள் காகிதத்தைத் தயவுசெய்து கதவில் ஒட்டிக்கொள்ளவும்.

ஒட்டும் நாடாவும் உறைக்குள்ளேயே இருந்தது. ஜெகதீஸ்வரன் கோணல் இல்லாமல் ஒட்டினார்.

மகளின் கலியாணம் மார்ச் ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. சரியாகப் பதின்மூன்று நாள். ஸ்ட்ரோம்மன் பக்கம் மண்டபம் எடுத்து, நானூறு பேருக்கு அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை ரிசாந், ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். அந்த முகூர்த்தத்தை விட்டால் இரண்டு பேரின் சாதகத்துக்கும் பொருந்திய நாள் ஆவணிக்குப் பிறகுதான். போதாததற்கு, பதிவுத் திருமணத்துக்கு வேண்டிய தகுதிச் சான்றிதழும் நின்றுபோனது. மணமகளின் முகவரியில் திறந்த நோய் வழக்கு இருந்தால் கணினி அதை அச்சடிக்காதாம்.

கம்சாயினி இங்கே பிறந்தவள். அவளுக்கு இந்தப் பயபக்தி எல்லாம் கிடையாது. அந்தக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போவோம், என்ன செய்வார்கள் பார்ப்போம் என்று தகப்பனோடு சண்டை பிடித்தாள்.

"கிழிச்சால் இருபத்தொரு நாள் எண்டு போட்டிருக்குப் பிள்ளை," என்றார் ஜெகதீஸ்வரன். "சட்டம் எண்டால் சட்டம். அவங்கள் பிழை விடமாட்டாங்கள். வந்து பார்த்து உடனை மூடிப்போடுவாங்கள்."

செவ்வாய்க்கிழமை நான் பலகாரத் தட்டுகளைக் கொடுக்கப் போனேன். கதவில் மஞ்சள் காகிதம். பொடி எழுத்தில் பதினாறு பிரிவுகள். எனக்கும் வேலை அதுதானே, எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டேன். ஒன்பதாம் பிரிவை வாசித்ததும் தட்டுகளை வாசற்படியிலேயே வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்கு வந்தேன்.

அந்த நேரம் படியேறி வந்தவள்தான் எமிலி. இருபத்தாறு வயதிருக்கும், பணியகத்தின் பரிசோதகர், அவளுடைய முதலாவது வெளிவேலை. எனக்குச் சிரித்து வணக்கம் சொல்லி, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள். சிறிதேவி தேத்தண்ணி கொடுத்தார். முதலில் சட்டத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. எமிலி கணீரென்று வாசித்தாள். ஒன்பதாம் பிரிவுக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"கட்டுப்பாட்டில் உள்ள வீட்டுக்குள் நுழையும் எவரும், வழக்கு மூடப்படும்வரை, அந்த வீட்டாராகவே கொள்ளப்படுவார்."

அவள் இன்னொரு தரம் மனதுக்குள் வாசித்தாள். பிறகு தன் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள். திறந்திருந்த கதவு வழியாக எனக்கும் கேட்டது. மேலதிகாரியின் பெயர் தொர்வால்ட். வெண்ணெய் தடவிய குரல்.

"நீ ஒன்பதாம் பிரிவை முழுவதும் வாசித்தாயா, எமிலி? மிகவும் நல்லது. நம் பணியகத்தில் அதை முழுவதும் வாசித்த முதல் ஆள் நீதான்," என்றார் அவர். "ஆபத்தா? ஒரு துளியும் இல்லை. அந்தக் கிருமி நூறு வருடத்துக்கு முன்பே செத்திருக்கும். ஆனால் கிருமி ஆஸ்பத்திரியின் பொறுப்பு. எங்கள் பொறுப்பு கோப்பு. மக்கள் ஏன் எங்களை நம்புகிறார்கள்? நாங்கள் எதையும் மறப்பதில்லை. நூற்றெட்டு வருடமாக இந்தப் பிள்ளையை நாங்கள் மறக்கவில்லை. போய்ப் பார்க்கவில்லை, அது வேறு விடயம். நீ அங்கேயே இரு. இதை மாதிரி நடைமுறையாக வைத்துத் துரொண்ட்ஹெய்ம் மாநாட்டில் நான் ஒரு உரை நிகழ்த்தப் போகிறேன்."

எமிலிக்குக் கம்சாயினியின் அறையில், கலியாணச் சேலைப் பெட்டிகளுக்கு நடுவே மெத்தை விரித்தார்கள். அவளுடைய பல்துலக்கியை அவளுடைய நண்பன் கொண்டுவந்து தந்தான். அதை உள்ளே அனுப்பியது என் வாளிதான். மூன்றாம் மாடி யன்னலிலிருந்து கயிற்றில் இறங்கும் நீல வாளி. அதில் பால், மரக்கறி, மாவு, பத்திரிகை எல்லாம் ஏற்றினேன். 'நுழையும் எவரும்' என்றுதான் சட்டத்தில் இருந்தது. வாளியைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எமிலி இரண்டு முறை பார்த்து உறுதிப்படுத்தினாள். நல்ல பிள்ளை. அவளில் எனக்குக் கோபம் இல்லை.

வழக்கை மூட முதலில் வேண்டியது தொண்டைச் சோதனை. வீட்டார் ஒவ்வொருவருக்கும் பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தடவிக் குழாயில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். எமிலி வீட்டார் மூன்று பேருக்கும் எடுத்தாள், நான்காவதாகத் தன்னுடையதையும் கண்ணாடி பார்த்துத் தானே எடுத்தாள். ஐந்தாவது குழாய் மிஞ்சியது. அதில் ஏற்கெனவே பெயர் ஒட்டியிருந்தது: மத்தில்டா, ஆறு வயது. இல்லாத பிள்ளையின் தொண்டையை எங்கே போய்த் தடவுவது? தொர்வால்டைக் கேட்டார்கள். எண்ணிக்கை குறையக் கூடாது, குழாயை அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். நான்கு நாளில் பதில் வந்தது. நான்கு பேரும் சுத்தம். ஐந்தாவதற்கு, 'மாதிரி போதாது. மீண்டும் எடுக்கவும். பிள்ளை அழுதால் தாயின் மடியில் வைத்து எடுப்பது நல்லது.' சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதற்குள் கம்சாயினி சும்மா இருக்கவில்லை. கணினியில் பழைய தேவாலயப் பதிவுகளைத் தேடித் தேடி, புதன்கிழமை பின்னேரம் மத்தில்டாவைக் கண்டுபிடித்தாள். ஒரு தக்கைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். பரிசோதகர் 'மீண்டும் வருவேன்' என்று எழுதி ஒரு கிழமைக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். கம்சாயினி துள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

"அம்மா, முடிஞ்சுது. அந்தப் பிள்ளை செத்துப்போச்சுது. இதைக் காட்டினால் வழக்கை மூடலாம்."

சிறிதேவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "எங்கை செத்தது?" என்று கேட்டார்.

"இஞ்சைதான். இந்த வீட்டிலைதான்."

மகளுக்குச் சந்தோசமான செய்தி, தாய்க்கு இடியாக விழுந்தது. பிள்ளை இந்த வீட்டில் செத்திருக்கிறது. வீட்டாரை அடைத்து வைத்திருந்ததால் சொந்தக்காரர் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். யாரும் அழுதிருக்கமாட்டார்கள், ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள். அப்படியென்றால் இந்த வீட்டுச் சாவுத் துடக்கு இன்னும் கழியவில்லை. துடக்கு வீட்டிலிருந்து எப்படிப் பெண்ணை மணவறைக்கு அனுப்புவது? குடிவந்த ஏழு வருடமும் துடக்கு வீட்டுக்குள் விளக்கு ஏற்றியிருக்கிறோமே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தக் கந்தோர்க்காரர் சொல்லுறது சரிதான்," என்றார் கணவனிடம். "இந்த வீடு சுத்தமில்லை."

ஜெகதீஸ்வரன் திகைத்துப்போனார். பணியகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அந்த நகரத்திலேயே உள்ளூர நம்பியவர் அவர் ஒருவர்தான். இப்போது மனைவியும் அந்தப் பக்கம் போய்விட்டார். முன்பக்கம் மஞ்சள் காகிதம், பின்பக்கம் துடக்கு, நடுவில் மனிதன். எமிலிக்குக் கம்சாயினி இதை விளங்கப்படுத்தினாள். ஒரு சாவு நடந்த வீடு, குறித்த நாள்வரை விலகியிருக்கவேண்டும், கடைசியில் ஒருவர் வந்து தண்ணீர் தெளித்து முடிந்தது என்று சொல்லவேண்டும். எமிலி ஆச்சரியப்படவில்லை. எங்கள் பணியகத்திலும் அப்படித்தான், ஆனால் உங்களிடம் கடைசியில் உண்மையாகவே ஒருவர் வருகிறாரா என்று கேட்டாள்.

வந்தார். வியாழக்கிழமை குருக்கள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி, அதற்கு முன் ஒரு அரைமணித்தியால வேலைதானே என்று பஞ்சபாத்திரத்தோடும் மாவிலையோடும் வந்தார். படியில் நின்ற நான் ஒன்பதாம் பிரிவைச் சொல்லி மறித்தேன். தினமும் அக்கினி வளர்க்கிற எங்களுக்கு எது தீட்டு எது தொற்று என்று நீர் படிப்பிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியை கிடையாது என்று குருக்கள் தீர்ப்புச் சொன்னார். புண்ணியாகம் செய்து தண்ணீர் தெளித்து, பிள்ளைக்கு விருப்பமான சாப்பாட்டைக் கலியாணம் முடிந்து ஒரு மண்டலம்வரை படைத்தால் போதும். நூற்றெட்டு வருடம் என்பது நல்ல எண் என்றும் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன விருப்பம்? ஒருவருக்கும் தெரியவில்லை. எமிலிதான், அந்தக் காலத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாலில் அவித்த சோறு கிடைத்தால் பெரிய சந்தோசம், மேலே சீனியும் கறுவாவும் தூவுவார்கள், என்னுடைய வீட்டிலும் செய்வார்கள் என்றாள். சிறிதேவி பாற்சோறு வைத்தார். சின்னத் தட்டில், சின்னக் கரண்டியோடு. வைத்துவிட்டு அழுதார். மத்தில்டாவுக்காக அந்த வீட்டில் முதன்முதலாக ஒருவர் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

துடக்குக் கழிந்தது. குருக்கள் தட்சணையை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். எமிலி மிகவும் பணிவாக வாசலில் குறுக்கே நின்று ஒன்பதாம் பிரிவை வாசித்தாள்.

சிவராத்திரி அன்று கோயிலில் ஒரு இளம் ஐயர் தனியாக நான்கு சாமமும் பார்த்தார். குருக்கள் வாளி வழியாக விபூதி கேட்டு வாங்கினார். நாளுக்கு மூன்று முறை குளித்தார். வெந்நீர் தீர்ந்துபோய்க் கீழ்மாடிக்காரர் முறைப்பாடு எழுதினார். எமிலி பருத்தித்துறை வடை சுடப் பழகினாள், 'ஓம்' என்று தலையாட்டப் பழகினாள். கம்சாயினி கூறைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பனியைப் பார்த்தபடி இருந்தாள். ரிசாந் ஸ்தவாங்கரிலிருந்து வந்து தெருவில் நின்று மேலே பார்ப்பான், இவள் கீழே பார்ப்பாள். நான் பக்கத்தில் வாளியோடு நிற்பேன். 

ஜெகதீஸ்வரன் மெலிந்துபோனார். ஒருநாள் வாளியை இழுக்கும்போது, "குகன், நான் அந்தத் தை மாசக் கடிதத்துக்கு 'இல்லை' எண்டு போட்டிருக்கலாமோ?" என்று கேட்டார். பதினைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மார்ச் மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை தொர்வால்ட் நேரில் வந்தார். உள்ளே வரவில்லை. படிக்கட்டில், என் பக்கத்தில் நின்று, கடிதம் போடும் துவாரத்தைத் திறந்துபிடித்து அதற்குள் பேசினார். நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல மனிதர், மூச்சில் கோப்பி வாசம். கம்சாயினி தேவாலயப் பதிவின் படியைத் துவாரத்தால் நீட்டினாள். அவர் அதை வாசித்து, பிள்ளையின் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். பிறகு வழக்கை மூடும் படிவத்தை உள்ளே தள்ளினார்.

"மூன்று பெட்டிகள் உள்ளன," என்றார். "'இறந்துவிட்டார்' என்ற பெட்டிக்கு, இறந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் எடுத்த மருத்துவர் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். நீங்கள் கொஞ்சம் பிந்திவிட்டீர்கள். தேவாலயம் வேறு திணைக்களம். அவர்கள் புதைத்தது அவர்களுடைய கணக்கு. 'இடம் மாறிவிட்டார்' என்ற பெட்டிக்குப் புதிய முகவரி வேண்டும்."

கல்லறைத் தோட்டத்தின் முகவரி போதுமா என்று கம்சாயினி உள்ளிருந்து கேட்டாள்.

"நல்ல கேள்வி. ஆனால் யாரும் கட்டணம் செலுத்தாவிட்டால் இருபது வருடத்தில் குழியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே அவர் அங்கேயும் வசிக்கவில்லை. மூன்றாவது பெட்டி, 'குணமாகிவிட்டார்.' அதற்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுத் தலைவரின் கையொப்பம் மட்டும். மக்கள் நல்ல செய்தி சொன்னால் நாங்கள் அப்படியே நம்புவோம். நம்பிக்கைதான் இந்த நாட்டின் அத்திவாரம். நான்கு மணிக்கு அலுவலகம் மூடும். திங்கட்கிழமை நான் துரொண்ட்ஹெய்ம் போகிறேன்."

நேரம் மூன்றரை. துவாரத்தால் எனக்கு ஜெகதீஸ்வரனின் கை மட்டும் தெரிந்தது, பேனையோடு.

"அவள் செத்ததுக்கு நான் அழுதனான்," என்று சிறிதேவியின் குரல் கேட்டது. "நீங்கள் அவள் சுகமாயிட்டாள் எண்டு எழுதுறியளோ?"

"கம்சான்ரை கலியாணம்," என்றார் அவர். பேனை உராயும் சத்தம் கேட்டது.

தொர்வால்ட் படிவத்தை வாங்கி, மத்தில்டா குணமடைந்ததற்கு மனமார்ந்த வாழ்த்துச் சொன்னார். கதவிலிருந்த மஞ்சள் காகிதத்தைக் கிழியாமல் கழற்றி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஐந்து நிமிடத்தில் எமிலி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சிறிதேவியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த கிழமை அந்த வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்வி. குருக்கள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அன்று பின்னேரமே சான்றிதழ் அச்சாகியது.

கலியாணம் சிறப்பாக நடந்தது. தாலி கட்டும்போது கெட்டிமேளத்தை மீறி ஜெகதீஸ்வரன் தேம்பி அழுதார். மகளைப் பிரிகிற துக்கம் என்று சனம் நினைத்தது. கம்சாயினி ஸ்தவாங்கர் போனாள். சிறிதேவி குருக்கள் சொன்னபடி தினமும் சின்னத் தட்டில் பாற்சோறு வைத்தார். மண்டலம் முடிந்த பிறகும் அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் மூன்றாவது கடிதம் வந்தது. 'மத்தில்டாவின் பெற்றோருக்கு' என்று விலாசம் இருந்தது. குணமாகிய பிள்ளையைக் கணினி தானாகவே குடித்தொகைப் பதிவில் சேர்த்துவிட்டது. பொறுப்பாளர், தை மாதம் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட வீட்டுத் தலைவர். பிள்ளைக்கு ஆறு வயது, ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கவேண்டும். தடுப்பூசி ஒன்றும் போடவில்லை, பல் காட்டவில்லை, யாரும் பிள்ளையைக் கண்டதாகப் பதிவு இல்லை. எனவே பணியகத்தின் சிறுவர் பிரிவிலிருந்து இருவர் செவ்வாய்க்கிழமை வருவார்கள்.

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகிற அந்தப் பிரிவு என்றால் எங்கள் சனத்துக்குக் குலை நடுங்கும். ஜெகதீஸ்வரன் கடிதத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். பிள்ளை இல்லை என்று சொன்னால் மார்ச் மாதம் பொய்க் கையொப்பம் போட்டதாகும். வழக்குத் திறக்கும். சான்றிதழ் செல்லாது, கம்சாயினியின் கலியாணமும் செல்லாது. பிள்ளை இருக்கிறது என்றால் பிள்ளையைக் காட்டவேண்டும். நான் என்ன புத்தி சொல்ல? அவரோடு போய் வாசலுக்கு வெளியே, வழக்கமான இடத்தில் நின்றேன்.

இருவரும் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், இருவருக்கும் மென்மையான குரல். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் பார்த்தார்கள். பிள்ளையின் கட்டில் இல்லை, உடுப்பு இல்லை, விளையாட்டுச் சாமான் இல்லை. சாமி அறையில் சின்னத் தட்டும் சின்னக் கரண்டியும் இருந்தன. யாருக்கு என்று பெண் கேட்டாள். மத்தில்டாவுக்கு என்றார் சிறிதேவி. அவள் எழுதிக்கொண்டாள்: 'உணவு வைக்கப்படுகிறது. பிள்ளை உண்பதில்லை.'

பிள்ளை எங்கே என்று ஆண் கேட்டான். ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தார். 'ஓம்' என்ற சொல்லைத் தவிர அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, அது அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. சிறிதேவி அவரைப் பிடித்துப் பின்னால் விட்டுவிட்டு முன்னுக்கு வந்தார். தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அவள் செத்துப்போய்விட்டாள். இந்த அறையில்தான். மூச்சு எடுக்க முடியாமல் செத்தாள். திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நூற்றெட்டு வருடமாக ஒருவரும் வரவில்லை. இப்போது வந்து பிள்ளை எங்கே என்று கேட்கிறீர்கள்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். பொய் சொல்லி மீண்ட வீட்டில் ஒருவர் உண்மையைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசானது. இனி ஒரு மனிதனாவது பேனையை மூடி வைப்பான் என்று நினைத்தேன்.

பெண் மிகவும் கனிவாகச் சிறிதேவியின் தோளைத் தடவினாள். ஆண் எழுதியதைச் சத்தமாக வாசித்தான், அது வீட்டாரின் உரிமையாம்: 'பிள்ளை இந்த அறையில் இறந்ததாகத் தாய் கூறுகிறார். பிள்ளை குணமாகிவிட்டதாகத் தந்தை கையொப்பமிட்டுள்ளார். கூற்றுகள் முரண்படுகின்றன. பிள்ளை கண்டுபிடிக்கப்படும்வரை வீட்டார் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது.' பிறகு தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதமும் ஒட்டும் நாடாவும் எடுத்து மேசையில் வைத்தான்.

ஜெகதீஸ்வரன் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காகிதத்தைக் கதவில் பிடித்து, கோணல் இல்லையா என்று கண்ணால் அளந்தார். வெளியே நின்ற என்னைப் பார்த்தார்.

"குகன்," என்றார், "அந்த வாளி இன்னும் உங்களிட்டை இருக்கோ?"